கம்பி போட்டுக் கட்டிய விளக்கு

திருச்சி பாலக்கரையில் இருந்த அற்புதசாமியின் எலெக்ட்ரிக் ஷெட்டுக்கு வண்டி எந்தக் கோளாறுக்காக வந்தாலும் சரி, முதலில் அதைப் பின்சுவரைப் பார்த்து நிறுத்தச் சொல்வார். முன்விளக்குகளைப் போடுவார். சுவரில் கரியால் ஒரு கோடு இழுத்திருந்தது. வெளிச்சம் அந்தக் கோட்டுக்கு மேலே ஏறினால் ஸ்குரூவைத் திருகிக் கீழே இறக்குவார். அப்புறம் காலடியில் இருக்கும் சுவிட்சை மிதித்து டிம் அடித்துப் பார்ப்பார். டிம் விழாத வண்டி அந்த ஷெட்டைவிட்டு வெளியே போனதில்லை.

"டைனமோ பாக்கத்தானே கொண்டாந்தேன், லைட்ட ஏன் நோண்டுறீங்க?" என்று லாரி டிரைவர்கள் சலித்துக்கொள்வார்கள்.

"எதுக்க வர்றவனுக்குக் கண்ணு தெரியணுமில்ல" என்பார். சின்ன டப்பாவில் கறுப்புப் பெயிண்டை எடுத்து வந்து விளக்குக் கண்ணாடியின் மேல்பாதியில் அடித்துவிடுவார். அதற்குத் தனிக் கூலி கேட்டதில்லை.

நல்ல மனுஷன் என்று ஊரில் பெயர். அந்தப் பெயரை யாராவது எதிரில் சொல்லிவிட்டால் அவருக்கு முகம் கறுத்துவிடும். ஷெட்டுக்குள் போய் ஏதோ சாமான் தேடுவதுபோல நின்றுகொள்வார். தன்னடக்கம் என்று நினைத்தார்கள்.

இந்தப் பழக்கமெல்லாம் 1955 மார்கழிக்குப் பிறகு வந்தது. அதற்கு முன்னால் அவர் வேறு மாதிரி ஆள். யுத்தக் காலத்தில் பட்டாளத்து லாரிப் பட்டறையில் வேலை கற்றுக்கொண்டவர். முப்பத்து நாலு வயதில் சொந்தமாக ஷெட் போட்டிருந்தார். வெளிச்சம் வேண்டுமென்றால் அற்புதசாமியிடம் போ என்பதுதான் அப்போது பேச்சு. எந்தப் பழைய வண்டிக்கும் பெரிய பல்பைப் பொருத்திப் பளீரென்று ஆக்கிக் கொடுப்பார். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

அந்த மார்கழியில் அரிசி மில் முதலாளி ரங்கசாமி தன் காரைக் கொண்டுவந்து விட்டார். யுத்தத்துக்கு முன்னால் வந்த இங்கிலீஷ் வண்டி. அதில் டிம் அடிக்கும் ஏற்பாடே தனி. சுவிட்சை மிதித்தால் வலது பக்க விளக்கு அணைந்துவிடும்; இடது பக்க விளக்குக்குள் இருக்கும் பளபளப்பான கிண்ணத்தை ஒரு சின்னக் காந்தம் இழுத்து, வெளிச்சத்தைத் தரைப்பக்கம் சாய்க்கும். அந்தக் காந்தச் சுருள் கருகிப்போயிருந்தது. கிண்ணம் தலை தொங்கியபடியே சிக்கிக் கிடந்தது.

"மெட்ராஸ்லேருந்து சாமான் வரணுங்க. பத்து நாள் ஆவும்" என்றார் அற்புதசாமி.

"பத்து நாளா? நாளை மறுநாள் ஏகாதசிக்குச் சம்பந்தி வீட்டுக்காரங்கள அழைச்சிட்டு வரணும். எனக்குக் கண்ணு வேற மங்கல். இருக்கறதவிட நல்லா வெளிச்சமா பண்ணிக் குடுங்க, போதும்."

அற்புதசாமி யோசித்தார். கிண்ணத்தை நிமிர்த்திக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டினார். டிம்முக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு, இரண்டு விளக்குக்கும் நேராக இணைப்புக் கொடுத்தார். இரண்டிலும் பெரிய பல்பாகப் போட்டார். இனி சுவிட்சை மிதித்தாலும் ஒன்றும் ஆகாது. இரண்டு விளக்கும் எப்போதும் முழுசாக எரியும். பத்து நாள்தானே, சாமான் வந்ததும் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தார்.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் வெளிச்சம் எப்படி விழுகிறதென்று பார்க்க அவரே காரை எடுத்துக்கொண்டு கொள்ளிடம் பாலத்தைத் தாண்டிச் சமயபுரம் வரைக்கும் போனார். திரும்பும்போது மணி ஏழு இருக்கும். மார்கழிப் பனி, நல்ல இருட்டு. சாலையோரத்துப் புளியமரங்கள் ஒவ்வொன்றாகச் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளையாக எழுந்து நின்றன. ஒரு பர்லாங் தூரத்தில் ரோட்டைக் கடக்கும் நாயின் காதுகூடத் தெரிந்தது. தன் கைவேலையைத் தானே ரசித்துக்கொண்டு வந்தார்.

நம்பர் ஒன் டோல்கேட் நெருங்கும்போது எதிரே ஒரு கார் வந்தது. அது டிம் அடித்தது. பிறகு வெளிச்சத்தைத் தூக்கி, மறுபடி டிம் அடித்தது. நீயும் இறக்கு என்று கேட்பதுதான் அது. அற்புதசாமியின் கால் பழக்கத்தில் சுவிட்சை மிதித்தது. ஒன்றும் நடக்கவில்லை. விளக்கை அணைத்திருக்கலாம். வண்டியை ஓரங்கட்டியிருக்கலாம். ஒரு நொடியில் தாண்டிவிடப் போகிறோம் என்று அப்படியே வந்தார். எதிரே வந்த கார் கடந்தது. கடந்த கையோடு பின்னால் தகரப் பீப்பாய் உருண்ட மாதிரி ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து கனமாக இன்னொரு சத்தம்.

கண்ணாடியில் பார்த்தார். பின்னால் இருட்டாக இருந்தது. கால் பிரேக்கின் மேல் போய் நின்றது. அமுக்கவில்லை. பாலம் வந்துவிட்டது. பாலத்தைத் தாண்டித் திருவானைக்கோவிலும் வந்துவிட்டது. அவர் நிற்கவில்லை.

மறுநாள் காலை சத்திரம் பக்கம் டீக்கடையில் விஷயம் தெரிந்தது. தர்மராஜ் என்ற டாக்ஸி டிரைவர், லால்குடிக்காரர்களை ஸ்ரீரங்கத்தில் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது, முன்னால் சைக்கிளில் போன ஒருவரை அடித்துத் தூக்கிவிட்டுப் புளியமரத்தில் மோதிவிட்டாராம். சைக்கிளில் போனவர் காத்தான். கொள்ளிடக் கரையில் செங்கல் காளவாய் வேலைக்காரர். ஆஸ்பத்திரி போகும் முன்பே உயிர் போய்விட்டது. "அன்னிக்கு விடியக்காலமே மதுரை போயிட்டு வந்திருக்கான். தூங்கியிருப்பான்" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

அற்புதசாமி டீயை வைத்துவிட்டு எழுந்தார். நேராக ஷெட்டுக்கு வந்து, ரங்கசாமியின் காரில் கட்டியிருந்த கம்பியை வெட்டினார். வேறொரு பழைய வண்டியிலிருந்து காந்தச் சுருளைக் கழற்றிப் பொருத்தினார். முதல்நாள் தோன்றாத வழி அன்றைக்கு அரை மணி நேரத்தில் தோன்றியது. பெரிய பல்புகளையும் மாற்றினார். சாயங்காலம் கார் சரியாக டிம் அடித்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போய்விட்டது. மிச்சமிருந்தது அந்த வெட்டிய கம்பி மட்டும்தான். அதைக் குப்பையில் போட்டார்.

வழக்கு கோர்ட்டுக்கு வந்த அன்று பின்வரிசையில் போய் உட்கார்ந்தார். தர்மராஜை அப்போதுதான் முகம் பார்த்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நெற்றியில் தையல் போட்ட வடு.

"எதுக்க வந்த காரு டிம் பண்ணலீங்க. நான் டிம் அடிச்சு, தூக்கி, மறுபடி டிம் அடிச்சுக் கேட்டேன். அது பாட்டுக்கு வந்துச்சு. கண்ணு முழுக்க வெள்ளை. சைக்கிள் இருந்ததே தெரியலீங்க."

"அது என்ன கார்? நம்பர் என்ன?" என்று சர்க்கார் வக்கீல் கேட்டார்.

"தெரியலீங்க. வெளிச்சந்தான் தெரிஞ்சுது."

யாரோ சிரித்தார்கள். அப்படி ஒரு கார் வந்ததற்குச் சாட்சி யாரும் இல்லை. இருந்த ஒரே சாட்சி பின்வரிசையில் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஆறு மாதம் தண்டனை என்றார்கள். லைசென்ஸும் ரத்து ஆனது. மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அற்புதசாமி வெளியே வந்தார்.

அதன் பிறகுதான் சுவரில் கோடு வந்தது. கறுப்புப் பெயிண்ட் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மனைவி வியாகுலம்மாளோடு மாதா கோவிலுக்குப் போவார். ஆனால் சாமியார் கொடுக்கும் அப்பமான நன்மையை வாங்க முன்னால் போகமாட்டார். பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டு மற்றதையெல்லாம் சொல்லியிருக்கிறார், இதை மட்டும் சொன்னதில்லை. சொல்லாமல் மறைத்துவிட்டு நன்மை வாங்க அவருக்குப் பயம். வியாகுலம்மாள் கவனித்தாள், கேட்கவில்லை.

1961-இல் லாரி முதலாளிகள் சிலர் சேர்ந்து ஒரு கூட்டம் போட்டார்கள். சாலை விபத்தைக் குறைப்பது பற்றிப் பேச்சு. அற்புதசாமிக்குப் பொன்னாடை போர்த்த வேண்டுமென்று முடிவு செய்து, மறுக்க மறுக்க அழைத்துப் போனார்கள். "இவரால எத்தனை உசிரு பொழைச்சிருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது" என்று தலைவர் மைக்கில் சொன்னபோது எல்லாரும் கைதட்டினார்கள். அற்புதசாமி பொன்னாடையோடு தலையைக் குனிந்து நின்றார். பேசச் சொன்னார்கள். மைக் அருகில் போய், உதடு அசைந்து, ஒன்றும் வராமல் திரும்பி வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் வியாகுலம்மாளை உட்காரச் சொன்னார். கம்பி கட்டியதிலிருந்து கோர்ட்டு வரைக்கும் சொல்லி முடித்தார். அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு கேட்டாள்.

"ஆறு வருஷமா நன்மை வாங்காம உக்காந்திருந்தது இதுக்குத்தானா?"

"ஆமா."

"என்கிட்ட சொல்லி என்னங்க ஆவப்போவுது? அந்த டிரைவரு உசிரோட இருக்காரா?"

"ஸ்ரீரங்கத்துல சைக்கிள் ஸ்டாண்டுல டோக்கன் குடுக்குறாரு."

வியாகுலம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப, எங்க இருக்காருன்னு தெரிஞ்சு வச்சிக்கிட்டேதான் இருந்திருக்கீங்க."

அந்த ஒரு வாக்கியம் அவரை அன்று முழுவதும் உலுக்கியது. உண்மைதான். இரண்டு முறை அந்த ஸ்டாண்டுக்குப் போய்த் தள்ளி நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

மறுநாள் மத்தியானம் ஸ்ரீரங்கத்துக்குப் போனார். கோபுரத்துக்குப் போகும் கடைவீதியில், தகரக் கூரை போட்ட ஸ்டாண்டில், தர்மராஜ் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் இல்லாத நேரம். அற்புதசாமி தன் பெயரைச் சொன்னார், தொழிலைச் சொன்னார்.

"கேள்விப்பட்டிருக்கேன். லைட்டுக்குக் கறுப்பு அடிப்பீங்களே" என்று தர்மராஜ் இன்னொரு ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். அற்புதசாமி உட்காரவில்லை.

"அன்னிக்கு டோல்கேட்டுல ஒங்க எதுக்க வந்த காரு... நாந்தாங்க ஓட்டிட்டு வந்தேன்."

தர்மராஜ் ஒன்றும் புரியாதவர்போலப் பார்த்தார்.

"டிம் விழாதபடி நாந்தான் கம்பி போட்டுக் கட்டியிருந்தேன். நீங்க டிம் அடிச்சீங்க, தூக்குனீங்க, மறுபடி டிம் அடிச்சீங்க. நான் பாத்தேன்."

"ரெண்டு தடவ அடிச்சேனா?"

"ரெண்டு தடவ அடிச்சீங்க."

தர்மராஜ் கையிலிருந்த டோக்கன்களைக் கீழே வைத்தார். "தூங்கிட்டேன்னு சொன்னாங்க. மொதல்ல நான் இல்லன்னு சொன்னேன். ஜெயில்ல எல்லாரும் அதையே சொன்னாங்க. வீட்லயும் சொன்னாங்க. காரு வந்தது, டிம் அடிச்சதெல்லாம் கனவுல கண்டேனோன்னு எனக்கே ஆயிடுச்சு. நான் தூங்கித்தான் ஒரு மனுஷன கொன்னுட்டேன்னு..." பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு கேட்டார். "தூங்குறவன் காலு சுவிட்ச மிதிக்குமா?"

"மிதிக்காதுங்க. நீங்க தூங்கல."

தர்மராஜ் எழுந்து குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினார். நெடுநேரம் கழுவினார். திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது.

"மோதுன சத்தம் கேட்டுச்சா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். அதை யாரும் பொய்யென்று நிரூபிக்க முடியாது.

"கேட்டுச்சு."

"கேட்டும் போயிட்டீங்க."

"போயிட்டேன்."

"அந்தாளுக்கு அரை மணி நேரம் உசிரு இருந்துச்சு. என் வண்டி ரேடியேட்டர் ஒடைஞ்சு கெடக்கு. மூணு மாட்டு வண்டி போச்சு, அதுல ஏத்துனா ஆஸ்பத்திரி போய்ச் சேர விடிஞ்சுரும். மோட்டார் ஒண்ணுகூட வரல. மடியில போட்டுக்கிட்டு ரோட்டையே பாத்துட்டிருந்தேன். தண்ணி கேட்டாரு."

அற்புதசாமி அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தார். கம்பி கட்டியதுதான் தன் குற்றம் என்று ஆறு வருஷமாக அதற்கு மட்டும் பரிகாரம் செய்துகொண்டிருந்திருக்கிறார். கார் கையில் இருந்தது. ஆஸ்பத்திரி இருபது நிமிஷ தூரம்.

"இன்னிக்கு போங்க," என்றார் தர்மராஜ். "ஒங்க மூஞ்சியப் பாக்க முடியல. ஞாயித்துக்கிழம வாங்க. அந்தம்மா வீட்டுக்குப் போவணும். இத அவங்களும் கேக்கணும்."

காத்தானின் மனைவி மாரியாயி உத்தமர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கூரை வீட்டில் இருந்தாள். தர்மராஜ் ஜெயிலிலிருந்து வந்த நாளாக வருஷாவருஷம் ஆடி மாதத்தில் அங்கே போய்த் தென்னங்கீற்று மாற்றிக் கூரை வேய்ந்து கொடுத்துவிட்டு வருவாராம். முதல் வருஷம் விரட்டியிருக்கிறாள். இரண்டாம் வருஷம் வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். மூன்றாம் வருஷம் கஞ்சி கொடுத்திருக்கிறாள். இதைப் போகும் வழியில் தர்மராஜ் சொன்னார்.

மாரியாயி முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். அற்புதசாமி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சத்தம் கேட்டதையும் சொன்னார். அவள் புடைப்பதை நிறுத்திவிட்டாள்.

"இவரு தூங்கிட்டாருன்னு நெனச்சுத்தான் இவர மன்னிச்சேன்," என்றாள் தர்மராஜைக் காட்டி. "தூக்கம் யாருக்கும் வரும். எங்க வீட்டுக்காரரும் சூளையில நின்னுக்கிட்டே தூங்குற ஆளுதான். நீங்க முழிச்சிட்டுத்தானே இருந்தீங்க?"

"ஆமாம்மா."

"ஒங்களுக்குப் பண்றதுக்கு இங்க ஒண்ணுமில்ல. கூரை போட இவரு இருக்காரு. நீங்க வராதீங்க."

அவள் அழவில்லை, கத்தவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அற்புதசாமி தெருமுனை வரை தனியாக நடந்து வந்தார். தர்மராஜ் அவரோடு வரவில்லை.

அடுத்த வாரம் அவர் வக்கீல் ஸ்தனிஸ்லாஸைப் போய்ப் பார்த்தார். ஒரே கோவில் பங்கைச் சேர்ந்தவர், பழக்கம் உண்டு. "இத எழுதிக் குடுத்தா உங்கமேல கேஸ் வரலாம், தெரியுமா?" என்று வக்கீல் கேட்டார்.

"வரட்டுங்க."

எழுதினார்கள். அற்புதசாமி ஸ்டேஷனில் போய் வாக்குமூலம் கொடுத்தார். உள்ளே தள்ளுவார்கள் என்று வியாகுலம்மாளிடம் துணி எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார். இன்ஸ்பெக்டர் இரண்டு முறை படித்துப் பார்த்தார். வழக்கு முடிந்து தண்டனையும் அனுபவித்தாயிற்று, ரங்கசாமியின் காரையும் பிரித்து விற்றுவிட்டார்கள் என்றார். "மேலே அனுப்புறேன். கூப்பிட்டா வாங்க" என்றார். யாரும் கூப்பிடவில்லை. ஒரு வருஷம் வரை ஒவ்வொரு நாளும் காக்கிச் சட்டையைப் பார்க்கும்போது எழுந்து நின்றார். தண்டனை கிடைத்திருந்தால் ஒரு நாள் முடிந்திருக்கும். அதுவும் கிடைக்கவில்லை.

ஆனால் அந்த வாக்குமூலத்தின் நகலை வைத்துக்கொண்டு ஸ்தனிஸ்லாஸ் விடாமல் மனுப் போட்டார். 1963-இல் தர்மராஜுக்குத் திரும்ப லைசென்ஸ் கிடைத்தது. திருவெறும்பூரில் தொழிற்சாலை எழும்பத் தொடங்கிய சமயம். அங்கே ஒரு கான்டிராக்டரிடம் வேன் ஓட்டும் வேலையும் கிடைத்தது. இதை வக்கீல் சொல்லித்தான் அற்புதசாமி தெரிந்துகொண்டார். தர்மராஜ் தன் வேனை ஒருநாளும் பாலக்கரை ஷெட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. வழியில் பார்த்தால் தலையசைப்பார். அதோடு சரி. ஆடி மாதத்தில் உத்தமர்கோவிலுக்குப் போவதை மட்டும் அவர் விடவில்லையாம். தப்பு தன்மேல் இல்லையென்று தெரிந்த பிறகும் போனார்.

செய்தி பரவியதும் ஷெட்டுக்கு வரும் வண்டிகள் பாதியாகக் குறைந்தன. ரங்கசாமி முதலாளி ஆள் அனுப்பி, "என் காரை ஏன் இதுல இழுத்தீங்க?" என்று கேட்டுவிட்டார். பொன்னாடையை லாரி முதலாளிகள் திருப்பிக் கேட்கவில்லை. இவரே கொண்டுபோய்க் கொடுத்தார். வாக்குமூலம் கொடுத்த பிறகு வந்த பெரிய வியாழனுக்கு முன்னால் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தார். ஈஸ்டருக்கு நன்மை வாங்கினார். வாங்கிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தபோது மனம் லேசாகும் என்று எதிர்பார்த்திருந்தார். தண்ணி கேட்டாரு என்று தர்மராஜ் சொன்னதுதான் காதில் இருந்தது.

1966-இல் ஒரு காலை, வாழை இலைக் கட்டைத் தலையில் சுமந்துகொண்டு ஒரு பெண் அவர்கள் தெருவில் கூவிக்கொண்டு வந்தாள். வியாகுலம்மாள் இலை வாங்கினாள். எந்த ஊர், குடும்பம் எப்படி என்று பேச்சுக் கொடுத்தாள். உத்தமர்கோவில் என்றாள் வந்தவள். புருஷன் டோல்கேட்டில் கார் அடித்துச் செத்துப்போனார் என்றாள். வியாகுலம்மாளுக்குப் புரிந்துவிட்டது. யார் வீடு இது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியுமோ தெரியாதோ, வியாகுலம்மாள் சொல்லவில்லை. நாள்தவறாமல் வரச் சொன்னாள்.

மத்தியானம் சாப்பிட வந்த அற்புதசாமியிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் விரித்திருந்த இலையைப் பார்த்தார். தண்ணீர் தெளித்துத் துடைத்த இளம் இலை.

"எனக்குத் தட்டுல போடு" என்றார்.

"ஏன்?"

"வராதீங்கன்னு சொன்னவங்க. அவங்க கையால வந்ததுல நான் எப்படிச் சாப்பிடுறது?"

"நாளைக்கும் வருவா. நாளன்னைக்கும் வருவா. எத்தன நாளைக்குத் தட்டு?" என்றாள் வியாகுலம்மாள். "நீங்க சாப்பிடலேன்னா அவளுக்கு என்ன வந்துச்சு? இலை வித்தாத்தான் அவ வீட்ல அடுப்பு எரியும். உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். அவள் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். அவர் தலை நிமிராமல் பிசைந்து, மெதுவாக, இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.